சரளை மேட்டுக் காயா

ஸ்ரீரங்கத்தில் செடி வளர்ப்பதைப் பற்றி யாரும் பெருமை அடித்துக்கொள்ள முடியாது. இரண்டு ஆற்றுக்கு நடுவில் கிடக்கிற வண்டல் மண். பந்தக்காலுக்கு நட்ட பூவரசங்கொம்பு கூடத் துளிர்த்துக்கொண்டு நிற்கும். நான் மருமகளாக வந்தபோது எங்கள் கொல்லையில் வாழையும் நந்தியாவட்டையும் பவழமல்லியும் துளசியும் கால் வைக்க இடமில்லாமல் மண்டிக் கிடந்தன. அவற்றுக்காக நான் ஒரு துரும்பையும் அசைத்ததில்லை. நான் வளர்த்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருந்தது ஒரே ஒரு செடி, காயா.

அந்தக் கதை என் மாமனாரின் கண்ணில் ஆரம்பிக்கிறது. அவர் இளவயதிலிருந்தே கோயில் கோஷ்டியில் நின்று பாசுரம் சேவித்தவர். குரல் கணீரென்று இருக்கும், கோபமும் அதே சுருதிதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஒரு நாள் கோஷ்டியில் பக்கத்தில் நின்றவர்மேல் போய் மோதிக்கொண்டார். அடுத்த வாரம் கொல்லைக் கதவின் நிலையில் இடித்துக்கொண்டார். கண்ணைத் திறந்துகொண்டே இடிக்கிறாரே என்று என் வீட்டுக்காரர் அவரைத் திருச்சி டவுனில் ஒரு கண் டாக்டரிடம் அழைத்துப்போனார்.

டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாராம். இது புரை இல்லை, அறுத்து எடுத்துவிட்டுக் கண்ணாடி போட. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு வாடிக்கொண்டு வருகிறது. வாடியது வாடியதுதான், மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம். அந்தச் சொட்டு மருந்து விடுகிற வேலை என் தலையில் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் நான் ஏதோ மிளகாய்ப் பொடியைத் தூவின மாதிரி என்னைத் திட்டுவார்.

டவுனிலிருந்து வந்த மறுநாள் சாப்பிட உட்கார்ந்தவர், சாதத்தில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். என்னவென்று கேட்டேன்.

"காயாம்பூ காயாம்பூன்னு பெருமாளுக்கு முன்னாடி நின்னுண்டு இத்தனை வருஷமா சொல்லிண்டிருக்கேன். அந்தப் பூவை நான் பார்த்ததே இல்லைம்மா. கண்ணு போறதுக்குள்ள ஒரு தடவை பார்த்துடணும்" என்றார்.

காயாம்பூவின் நீலம்தான் பெருமாளின் திருமேனி நிறம் என்று பாசுரங்களில் திரும்பத் திரும்ப வரும். கேட்கிற நாங்களும் அதை ஒரு பூவாக நினைத்ததே இல்லை, ஏதோ ஒரு நிறம் என்று விட்டுவிட்டோம். வேறு யாராவது இருந்தால் பத்ரிக்குப் போக வேண்டும், காசிக்குப் போக வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். இந்த மனிதர் ஒரு பூவைக் கேட்கிறார். ப்பூ, இவ்வளவுதானே என்று நானும் வாயை விட்டுவிட்டேன்.

ஊரெல்லாம் விசாரித்தோம். ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒருவர் அது குளத்தில் பூக்கும் என்றார், இன்னொருவர் அது மலையாளத்தில்தான் உண்டு என்றார். பக்கத்து வீட்டு மாமி, ஒரு சங்குப்பூவைப் பறித்துக் காட்டிவிட்டுப் போயேன், அதுவும் நீலம்தானே, கிழவருக்கு என்ன தெரியப்போகிறது என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அன்றிலிருந்து அவளுக்குக் கறிவேப்பிலை கூடக் கொடுக்கவில்லை.

கடைசியில் அது எங்கள் விறகில் இருந்தது. பாலக்கரையில் விறகுக் கடை வைத்திருந்த பாய் மாதா மாதம் வண்டி கட்டிக்கொண்டு வந்து கொல்லை வாசல் வழியாக விறகு இறக்குவார். என் மாமனாருக்கும் அவருக்கும் நல்ல சிநேகம். இவர் தாழ்வாரத்தில், அவர் கொல்லைப் படியில், இருவரும் ஊர் நியாயம் பேசுவார்கள். காயா என்று கேட்டதும் பாய், காசாவா, அது புதுக்கோட்டை ரோட்டுப் பக்கம் சரளைக் காட்டில் புதர் புதராகக் கிடக்குமே, இந்த அடுக்கிலேயே பாதி அதுதானே என்றார். பூ எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டார். கட்டையைத் தவிர அதில் எதையும் அவர் பார்த்ததில்லையாம்.

என் மாமனார் அப்படியே தூணில் சாய்ந்துவிட்டார். பெருமாளின் நிறத்தை அடுப்பில் வைத்துச் சாத்தமுது கொதிக்க வைத்திருக்கிறோம் என்று அன்று முழுக்கப் புலம்பினார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பாவமாக ஒரு பக்கம். அன்றைக்கு அடுப்பு மூட்டும்போது ஒவ்வொரு கட்டையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் கட்டையாகத்தான் இருந்தது.

அது காட்டில் பூக்கிற நேரத்தில் போய்ப் பார்த்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். கோடை மழை பெய்த பிறகு பூத்திருப்பதாகப் பாய் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். பஸ் பிடித்து, இறங்கி, முள்ளிலும் கல்லிலும் மாமனார் கையைப் பிடித்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் நடந்தோம். அந்தப் பூ ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. போய்ச் சேர்ந்தபோது புதரில் வெறும் இலை. அடியில் உதிர்ந்து கறுத்துக் கிடந்ததை அவர் கையில் அள்ளிப் பார்த்தார். அடுத்த தடவை பாய் ஒரு கிளையையே வெட்டி வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார். குலுங்கின குலுக்கலில் எல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. அப்போதுதான் நான், நம் கொல்லையிலேயே வைத்துவிடலாம், பூக்கிற அன்றைக்குப் பத்தடி நடந்து வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். எனக்கு யார் இந்த வேலையைக் கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

முதல் செடியைக் கிணற்றடியில் வைத்தேன். அதை என் மாமனாரின் பக்தியே கொன்றது. தினமும் காலையில் வீட்டுச் சாளக்கிராமத்துக்குப் பாலும் தேனும் ஜலமும் விட்டுத் திருமஞ்சனம் பண்ணுவார். அந்தத் தீர்த்தத்தைக் கால் படுகிற இடத்தில் கொட்டக் கூடாது, செடியின் தலையில்தான் விட வேண்டும். எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். காயா வந்த பிறகு துளசியும் பவழமல்லியும் அவர் கண்ணில் படவில்லை. பெருமாள் நிறத்துச் செடிக்குப் பெருமாள் தீர்த்தம் என்று பாலும் தேனும் கலந்ததை ஒரு நாள் விடாமல் அதன் வேரில் ஊற்றினார். கல்லில் காய்ந்து பழகின செடி அது. எறும்பு மொய்த்து, அடித்தண்டு அழுகி, ஐப்பசி மழையில் தொட்டவுடன் கையோடு வந்துவிட்டது.

இரண்டாவதற்கு நான் விட்டுக்கொடுக்கவில்லை. பாயிடம் சொல்லி, விறகுக்கு அடியில் போட்டுச் சரளைக்கல் கொண்டுவரச் செய்தேன். கொல்லையில் வெயில் விழுகிற இடம் என்று ஒரே ஒரு மூலைதான் இருந்தது. அங்கே இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடு போட்டேன். தாழ்வாரத்தில் உட்கார்ந்தால் அவருக்கு நேரே தெரியும். பாய் அந்தத் தடவை கொஞ்சம் வளர்ந்த செடியாக, வேரைச் சுற்றி மண் உதிராமல் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். பாய் தொட்டதை மடியாக இருப்பவர் தொடலாமா என்று மாமி மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள். மல்லிகைப் பூவை யார் தொட்டுக் கட்டி அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள் மாமி என்றேன்.

மறுநாளே என் மாமனார் தீர்த்தச் சொம்போடு மேட்டருகே நிற்கிறார்.

"அப்பா, பெருமாளுக்குப் பால் பிடிக்கும். இதுக்குப் பிடிக்காது. அந்தப் பக்கம் விடுங்கோ" என்றேன்.

அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. மருந்து விடும்போது திட்டக்கூட இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டு நாள் கழித்துத் தானாகவே பவழமல்லிக்கு மாற்றிக்கொண்டார். மேட்டைச் சுற்றி மட்டும் வருவார், ஒரு இலையைத் தடவுவார், போவார்.

பிறகு வருஷங்கள் போயின. காயா மாதிரி சோம்பேறிச் செடியை நான் பார்த்ததில்லை. வாழை ஒரு குலை தள்ளி, கன்று விட்டு, அந்தக் கன்று குலை தள்ளும். இது நாலு இலை விட்டிருக்கும். அவர் கண்ணோ வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஓரங்கள் எல்லாம் போய், ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் மிச்சம் இருந்தது. கோஷ்டிக்குப் போவது நின்றது. வீட்டிலிருந்தே, கோயில் மணி கேட்கிற நேரத்துக்கு, தாழ்வாரத்தில் உட்கார்ந்து சேவிப்பார். காயாம்பூ என்று வருகிற இடத்தில் குரல் ஒரு நிமிஷம் நின்று போகும். அடுப்படியில் நான் கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன்.

தினமும் மொட்டு வைத்ததா என்று கேட்பார். இல்லை அப்பா என்பேன். அந்த இல்லையைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போனது. செடிக்குப் பின்னாலும் அவர் கண்ணுக்குப் பின்னாலும் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். இரண்டுமே என் பேச்சைக் கேட்கிற ஜாதி இல்லை. எரு போட்டால் இலை மஞ்சளாகிறது, போடாவிட்டால் அப்படியே நிற்கிறது. மருந்தை விட்டாலும் அவர் நிலையில் இடித்துக்கொள்கிறார், விடாவிட்டாலும் இடித்துக்கொள்கிறார். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

அறுபதுகள் பிறந்து, ஒரு கோடையில் நல்ல இடியோடு மழை பெய்தது. சில நாள் கழித்துக் காலையில் தண்ணீர் இழுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். மேட்டில் செடியைக் காணோம், நீலம்தான் இருந்தது. இலைக்காம்பு முளைக்கிற ஒவ்வொரு கணுவிலும், வெறும் குச்சியிலும் கூட, குஞ்சம் குஞ்சமாக அப்படி ஒரு நீலம். வாளி கிணற்றுக்குள் போனது கூட எனக்குத் தெரியவில்லை. வாய்விட்டு அழுதேன்.

ஜபத்தில் இருந்தவரை எழுப்பினேன். அவர் அவசரப்படவில்லை. மறுபடி ஸ்நானம் பண்ணினார். திருமண் புதிதாக இட்டுக்கொண்டார். ஏகாதசிக்குக் கோயிலுக்குப் போகும்போது உடுத்துகிற வேஷ்டியை எடுத்துத் தரச் சொன்னார். என் வீட்டுக்காரர் ஆபீசுக்குக் கிளம்பினவர் பையை வைத்துவிட்டு வந்தார். நாங்கள் இருவரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, அவர் மேட்டருகே போய், கைகூப்பி, முகத்தைப் பூவுக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய், பார்த்தார்.

ரொம்ப நேரம் பார்த்தார். தலையை அப்படியும் இப்படியும் நகர்த்தி, மிச்சம் இருந்த அந்த நடுக் கண்ணைப் பூவின்மேல் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தார். பூத்திருக்கிறது என்றார். சின்னச் சின்னதாக, கொத்துக் கொத்தாக, அழகாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு நிமிர்ந்தார்.

"நீலம் எங்கேம்மா? சாம்பலாட்டம்னா இருக்கு" என்றார்.

என் வீட்டுக்காரர் அவர் ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தார். நீலம்தான் அப்பா, நன்றாகப் பாருங்கோ என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில் பேசினார்.

"கண்ணு சின்னதாப் போச்சே தவிர நான் இன்னும் குருடன் இல்லைம்மா. இலை பச்சைன்னு தெரியறது. உன் புடவைக் கரை சிவப்புன்னு தெரியறது. இது காயா இல்லை. பாய் பாவம், எதையோ நினைச்சுண்டு எதையோ கொடுத்துட்டார். நீ என்ன பண்ணுவே?"

என் முதுகில் தட்டிவிட்டு, தானே தடவிக்கொண்டு தாழ்வாரத்துக்குத் திரும்பிப் போனார். அந்த ஏகாதசி வேஷ்டியை அவிழ்த்து மடித்துக் கொடியில் போட்டார்.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் டவுன் டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். இந்த மாதிரி நரம்பு வாடுகிறபோது சிலருக்கு நீலம்தான் முதலில் போகும், பச்சையும் சிவப்பும் நிற்கும், போனது அவர்களுக்கே தெரியாது என்றாராம். கேட்டதும் எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. அக்னி நட்சத்திரத்தில் வானத்தைப் பார்த்து மப்பாக இருக்கிறதே என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வயசாகிவிட்டது என்று நாங்கள் கண்டுகொள்ளவில்லை. நீலம் எப்போதோ எங்கள் வீட்டை விட்டுப் போயிருக்கிறது.

அப்பாவிடம் நீங்கள் சொல்லுங்கோ என்று நான் சொன்னேன். நீ சொல்லு, உன்னிடம்தான் அவர் கேட்பார் என்றார் என் வீட்டுக்காரர். இரண்டு பேரும் கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்தோம். என்னவென்று சொல்வது? நீங்கள் பார்த்தது காயாதான், உங்கள் கண்ணில்தான் நீலம் இல்லை என்று சொல்ல வேண்டும். வேறு ஒருத்தரிடம் அது ஒரு நிறம் போன சமாசாரம். இவரிடம் அப்படியா? பெருமாளின் நிறம் உங்களுக்குப் போய்விட்டது என்று அந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வேன்? சொல்லாவிட்டால், காயாம்பூவுக்கு முன்னால் நின்றுவிட்டு, பார்க்காதவராகவே அவர் போய்விடுவார். எந்தப் பக்கம் போனாலும் சுவர். அன்றைக்குப் பெருமாளோடு நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சம் இல்லை. வளர்த்துக் கொடுத்தேனே, உமக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டேன்.

அந்த வாரம் பாய் வந்தார். கொல்லைச் சந்திலேயே நிறுத்தி என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். பாய் மேட்டை எட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பூ மிச்சம் இருந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் அவரிடம் ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. அவராகவே உள்ளே வந்து, வழக்கமாக உட்காருகிற படியில் உட்காராமல் நின்றார்.

"தப்பு நடந்துபோச்சுங்க சாமி. வேற செடியக் கொண்டாந்துட்டேன்" என்றார்.

என் மாமனார் அவரைப் பெரிய மனதோடு மன்னித்தார். காட்டில் எல்லாப் புதரும் ஒரே மாதிரிதானே இருக்கும், உம்மைச் சொல்லிக் குற்றமில்லை என்றார். நான் அடுப்படிக் கதவின் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நல்ல மனிதர் தலையைக் குனிந்துகொண்டு ஆமாங்க சாமி, ஆமாங்க சாமி என்று நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. அடுத்த வண்டியில் நிஜமான காயா வர வேண்டும், எனக்கு நாள் இல்லை என்று என் மாமனார் சொன்னார். பாய் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வருகிற செடிக்கு இடம் வேண்டுமே. கொல்லையில் வெயிலும் சரளையும் இருந்தது அந்த ஒரு மூலையில்தான். வேறு எங்காவது வைக்கலாம் அப்பா, இதுவும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். ஈரத்தில் வைத்து முதல் செடி செத்ததை நான்தானே அவருக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தேன். அதையே எடுத்து என்னிடம் திருப்பிச் சொன்னார். மேட்டில்தான் வைக்க வேண்டும், தன் எதிரில்தான் வைக்க வேண்டும். இதை எடுத்துவிடு என்றார்.

கடப்பாரையைப் பிடித்து நானே தோண்டினேன். வேறு யாரையும் தொட விடவில்லை. பூவெல்லாம் உதிர்ந்து அங்கங்கே பச்சைக்காய் பிடித்திருந்தது. வேர் கல்லைக் கட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. அவர் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, பார்த்துத் தோண்டு, காலில் போட்டுக்கொள்ளாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார். எடுத்ததை மாட்டுக்கொட்டில் ஓரத்தில் நட்டுப் பார்த்தேன். ஒரு மாதத்தில் சருகாகிவிட்டது.

பாய் சொன்ன சொல் தவறாமல் கன்று கொண்டுவந்தார். அதே காட்டிலிருந்து, அதே புதருக்குப் பக்கத்திலிருந்து எடுத்தது. அவருக்கு வேறு எங்கே போய் எதை எடுப்பது? அது பூக்க எத்தனை வருஷம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதற்குள் இலையின் பச்சையும் என் புடவைக் கரையின் சிவப்பும் கூட என் மாமனாருக்கு இருக்காது என்று என் வீட்டுக்காரருக்கும் பாய்க்கும் தெரியும். மூன்று பேரும் மேட்டைச் சுற்றி நின்றோம். நான் குழியைத் தோண்டி, செடியை நிறுத்தி, சரளையை அணைத்தேன். மாமனாரின் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். குனிந்து, செடியைத் தேடிப் பிடித்து, ஒரு இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாகத் தேய்த்துப் பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

"இதுதாம்மா. இலையைத் தொட்டாலே தெரியறதே" என்றார்.

ஆமாம்ப்பா என்றேன்.